மத்தியான நீலாம்பரி

எனக்குப் பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்து வைத்திருக்கலாம். தட்சிணாமூர்த்தி என்றால் கையில் வீணை வைத்திருக்கிற சாமியாம். காசிலிங்கம் வாரத்துக்கு ஒரு தடவையாவது இதைச் சொல்லிச் சிரிப்பான். எனக்கோ கோயில் மேளமும் மில் சங்கும் ஒன்றுதான். இரண்டும் சத்தம். பெரிய சத்தமா, சின்னச் சத்தமா என்று வேண்டுமானால் சொல்வேன். அதற்கு மேல் என்னைக் கேட்டுப் பிரயோஜனமில்லை.

அப்படிப்பட்டவனுக்குத்தான் சுலோசனா வாய்த்தாள். என் மாமனார் நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தவர். அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வளர்ந்த பெண் இவள். கோபம் வந்தால் பேச மாட்டாள். சந்தோஷம் வந்தாலும் பேச மாட்டாள். வாயை மூடிக்கொண்டு ஏதோ ஒரு ராகத்தை இழுத்தபடியே வேலை செய்வாள். அதில் ஒரு வார்த்தைகூட இருக்காது. மற்ற வீடுகளில் பெண்டாட்டி பேசுகிறாள், புருஷன் பதிலுக்குப் பேசுகிறான், விஷயம் முடிந்துவிடுகிறது. ராகத்தோடு யார் சண்டை போடுவது? கல்யாணமாகி ஆறு வருஷம் வரைக்கும் அவள் மனநிலையை நான் குழம்பின் உப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

ஏழாம் வருஷம்தான் காசிலிங்கம் உதவிக்கு வந்தான். முதலியார்பேட்டையில் அவன் வீடும் என் வீடும் ஒட்டி நிற்பவை. நடுவில் ஒரே சுவர். வேலையிலும் அப்படித்தான். இரண்டு பேரும் மேரியில், அதாவது நகரசபையில், எத்தா சிவில் என்கிற பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில் குமாஸ்தாக்கள். பிறப்பு ஏடு என்னுடையது, இறப்பு ஏடு அவனுடையது. காலையிலிருந்து சாயங்காலம் வரை செத்தவர்கள் பெயரை எழுதுகிறவன் எப்போதும் சிரித்த முகமாக இருப்பான். பிறந்த குழந்தைகளை எழுதுகிற நான் சிடுமூஞ்சி. காரணம் ஊருக்கே தெரியும். எட்டு வருஷமாக அடுத்தவன் பிள்ளைகளைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

காசிலிங்கம் ஊரில் எந்த நாடகம் நடந்தாலும் முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுகிறவன். ஒரு நாள் காலையில் பேனாவில் மை ஊற்றிக்கொண்டே கேட்டான்.

"யோவ், நேத்து வீட்ல என்னாய்யா செஞ்ச? உங்க வீட்டம்மா அடாணாவுல வெளுத்து வாங்கிட்டாங்களே."

"அடாணான்னா?"

"கோவம்யா. நாடகத்துல ராஜா கத்தி உருவும்போது அடாணாதான்."

அதற்கு முந்தின நாள் அவள் தம்பி கல்யாணத்துக்குப் போக முடியாது என்று சொல்லியிருந்தேன். கணக்கு சரியாக இருந்தது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இத்தனை வருஷம் பக்கத்திலேயே பதில் இருந்திருக்கிறது, நான் உப்பை நக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்!

குமாஸ்தா புத்தி எங்கே போகும்? அன்றைக்கே ஒரு தாளில் கோடு போட்டுப் பட்டியல் தயார் செய்தேன். இந்தப் பக்கம் ராகம், அந்தப் பக்கம் அர்த்தம். அடாணா, கோபம். மோகனம், குஷி. முகாரி, அழுகை. சகானா, மனசு இளகியிருக்கிறது, ஏதாவது கேட்டால் கிடைக்கும். காசிலிங்கம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டு வந்து சொல்வான். நான் பட்டியலைப் பார்த்து நடந்துகொள்வேன். சகானா நாளாகப் பார்த்து ஒரு சைக்கிள் வாங்கச் சம்மதம் வாங்கினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு தடவை உதைத்தது. "காலங்காத்தால ஆகிரி பாடுறாங்கய்யா. ஆகிரி பாடினா அன்னிக்குச் சோறு கெடைக்காது" என்று அவன் முகத்தைத் தொங்கப்போட்டான். நானும் நம்பி ஓட்டலில் வயிறு முட்டத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன். அங்கே வஞ்சிரம் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பசியில்லை என்றதும் அவள் பார்த்த பார்வைக்குப் பட்டியலே தேவைப்படவில்லை. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம் என் தூக்கம் போயிற்று. மேரிக்குச் சென்னையிலிருந்து புதிதாக ஓர் அதிகாரி வந்திருந்தார். இனி ஏடுகளின் நகலெல்லாம் இங்கிலீஷில் போக வேண்டுமென்றும், ஆறு மாதத்தில் பரீட்சை என்றும், தேறாதவர்களைக் காரைக்காலுக்கு மாற்றிவிடுவார்கள் என்றும் பேச்சு கிளம்பியது. நான் பிரெஞ்சு எழுதினால் வெள்ளைக்காரனே நின்று பார்ப்பான். இங்கிலீஷைப் பார்த்தால் அதே எழுத்து, ஆனால் ஒன்றும் சொன்னபடி கேட்பதில்லை. முப்பத்தாறு வயதில் சின்னப் பையன் மாதிரி வாய்ப்பாடு ஒப்பித்தேன். இரவெல்லாம் புரண்டுகொண்டே கிடந்தேன்.

பகல் மட்டும் பரவாயில்லை. வெள்ளைக்காரன் கப்பலேறி நாலு வருஷமாகியும் அவன் பழக்கிவிட்டுப் போன மத்தியானத் தூக்கம் எங்கள் ஊரை விட்டுப் போகவில்லை. பதினொன்றரைக்கு மேரியை மூடினால் இரண்டரைக்குத்தான் திறப்போம். சாப்பிட்டுவிட்டுப் பாயில் தலை சாய்ப்பேன். சுலோசனா பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நேரத்தில் கட்டையாகிவிடுவேன். வெயிலின் குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் காசிலிங்கம் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தான். அன்று வழக்கத்துக்கு மாறாகக் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"தட்சிணா, அஞ்சு நாளா மத்தியானத்துல நீலாம்பரிய்யா."

"பட்டியல்ல அது இல்லியே."

"உங்க வீட்ல இதுவரைக்கும் வந்ததில்ல, அதான் சொல்லல. தாலாட்டு ராகம்யா அது. மேடையில தொட்டில் வந்தா நீலாம்பரி வரும். நீலாம்பரி வந்தா தொட்டில் வரும். பக்கத்துலயே இருக்கிற, நீ கேக்கலியா?"

"நான் தூங்கிட்டிருப்பேனே."

அவன் என் தோளைத் தட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு எழுத வேண்டியவை ஏழு பிறப்புகள். ஏழாவது பெயரை எழுதி முடித்து அடுத்த வெற்று வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வரியில் ஒரு நாள் தகப்பன் பெயராக என் பெயர் வரும். அதை என் கையாலேயே எழுதுவேன். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை.

சுலோசனாவிடம் கேட்கவில்லை. இந்த மாதிரி விஷயத்தைப் பெண்கள் மூன்று மாதம் வரை வெளியே சொல்ல மாட்டார்கள், அவளாகச் சொல்லட்டும் என்று பெருந்தன்மையாக இருந்தேன். ஆனால் அஞ்சலாட்சி அக்காவிடம் சொல்லாமல் எப்படி இருப்பது? எனக்கு மூன்று வயதில் அம்மா போய்விட்டாள். தூக்கி வளர்த்தது அக்காதான். சாயங்காலமே முத்தியால்பேட்டைக்குச் சைக்கிள் மிதித்தேன். அக்கா என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாரிடமும் சொல்லாதே என்றேன். தலையாட்டினாள். அக்கா தலையாட்டினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்குக் கண் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. அக்காவும் அவள் தெருப் பெண்கள் இரண்டு பேரும் இறங்கினார்கள். ஒரு தூக்கில் புளிச்சோறு, ஒரு தூக்கில் பாயசம், கூடையில் மல்லிகைப்பூ, பை நிறையக் கண்ணாடி வளையல். சுலோசனா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா போன வேகத்தில் அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் விரல்களை மடக்கி நெரித்தாள்.

"எத்தினி மாசம்மா?"

"என்னா அண்ணி?"

"எங்கிட்ட என்னா மறைப்பு? தம்பிதான் சொல்லிட்டானே."

சுலோசனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அதில் கோபம் இல்லை. நடுத்தெருவில் கொண்டுபோய் நிறுத்தப்பட்டவள் மாதிரி விழித்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணி" என்றாள்.

வந்த பெண்கள் இரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள். அக்கா வெளியே எடுத்த வளையல்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்ப வைத்தாள். பாயசத்தை மட்டும் விட்டுவிட்டுக் கிளம்பினாள். வாசலில் என்னை ஓரமாக இழுத்தாள்.

"எட்டு வருஷம் பாத்தாச்சுடா. காலாப்பட்டுல ஒரு பொண்ணு இருக்குதாம், நல்ல குடும்பம். இவளும் இருக்கட்டும், இவளை யாரு போகச் சொன்னா? யோசிச்சு வை."

ரகசியமாகத்தான் சொன்னாள். ஆனால் அக்காவின் ரகசியம் நாலு வீட்டுக்குக் கேட்கும். நான் பதில் சொல்லவில்லை. சத்தியமாக எனக்கு அப்படி ஒரு எண்ணம் கிடையாது. அக்காவுக்கு எதிரே வாய் திறந்து பழக்கமில்லை, அவ்வளவுதான். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ரிக்‌ஷா போனதும் திரும்பினால் சுலோசனா பழையபடி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்றோடு வீட்டில் ராகம் நின்றது.

சோறு நேரத்துக்கு வந்தது. சட்டை துவைத்து மடித்து வந்தது. கேட்டதற்குப் பதில் வந்தது. குழம்பில் உப்பு சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மத்தியானம் அவள் அரிசியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். எனக்குப் பகல் தூக்கமும் போயிற்று. மேரியில் ஒரு குழந்தையின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் அதன் பாட்டனார் பெயரை எழுதி அதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "உங்க வீட்டுப் பக்கம் ஒண்ணுமே கேக்கலய்யா, எனக்கே சாப்பாடு எறங்கல" என்றான் காசிலிங்கம். எல்லாம் தன்னால் வந்தது என்று அவனுக்கும் உறுத்தல்.

பதினைந்து நாள் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. ஒரு மத்தியானம் பின்கட்டுக்குப் போய் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காசிலிங்கம் காது கொடுத்தது, பட்டியல், சகானாவும் சைக்கிளும், கடைசியில் நீலாம்பரி. பட்டியலை அவள் கையிலேயே கொடுத்தேன். வாங்கி மேலிருந்து கீழ் வரை படித்தாள்.

"எட்டு வருஷம் ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, நான் எப்பிடி இருக்கறேன்னு பக்கத்து வீட்டு ஆளை வச்சுக் கேட்டீங்களா?"

"எனக்குத்தான் காது இல்லியே, சுலோசனா."

"வாய் இருக்குதில்ல? கேட்டிருக்கலாமில்ல?"

அவள் தாளை மடித்தாள்.

"முகாரின்னா அழுகைன்னு எழுதியிருக்கீங்க. எங்கப்பாரு மேடையில வாசிச்சா அழுகைதான், வாஸ்தவம். எங்கம்மா மாவு அரைக்கும்போது பாடறதும் முகாரிதான். அவங்க அழுதுக்கிட்டா அரைச்சாங்க? அவங்களுக்கு அது எங்கப்பாரு. அவரு ஊருக்குப் போயிருந்தா அதைப் பாடுவாங்க, அவ்ளோதான். யாரு பாடறாங்க, யாருக்குப் பாடறாங்கன்னு தெரியாம ராகத்தை மட்டும் எழுதி வச்சா என்னா வெளங்கும்?"

"அப்ப நீலாம்பரி யாருக்கு?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குத்தான். ராத்திரி பூரா பொரண்டு பொரண்டு படுக்கறீங்க. பரீட்சை, காரைக்கால்னு ஒளர்றீங்க. மத்தியானமாவது கண்ணு அசரட்டும்னு பாடினேன். மொத நாளு மூணாவது இழுப்புல கொறட்டை விட்டீங்க. சரி, வேலை செய்யுதுன்னு தெனமும் பாடினேன்."

அந்த வீட்டில் தொட்டிலில் கிடந்தது நான்தான். அது தெரியாமல் ஊரைக் கூட்டி அவள் வயிற்றைக் காட்டியிருக்கிறேன்.

"இனிமே பாட மாட்டியா?"

"எப்பிடிப் பாடுவேன்? இனிமே இந்த வீட்ல நான் வாயைத் தெறந்தா, கேக்கறவங்க எல்லாரும் என் வயித்தைத்தான் பாப்பாங்க. அதுகூடப் பரவால்ல. அண்ணி வாசல்ல நின்னு அப்பிடிச் சொன்னப்ப நீங்க வாயைத் தெறக்கல. நான் மட்டும் தெறக்கணுமா?"

சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முத்தியால்பேட்டைக்குப் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அக்கா வீட்டில் மாமா தறியில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு வந்த அதே இரண்டு பெண்களும் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று ஒரு கணம் சபலம் தட்டியது. அன்றைக்கு நாலு பேர் முன்னால்தானே சுலோசனா தலைகுனிந்தாள் என்று எண்ணி அங்கேயே நின்று சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கு நடந்தது என் தப்பு. அவ பாடின தாலாட்டு எனக்கு. எனக்குத் தூக்கம் வரலைன்னு என்னைத் தூங்க வைக்கத்தான் பாடியிருக்கா."

தறி நின்றது. மாமா திரும்பிப் பார்த்தார். நூல் சுற்றிக்கொண்டிருந்த ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவள் பொத்திக்கொள்ளவில்லை. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"மேரியில குமாஸ்தா! ஆம்பளைக்குத் தாலாட்டா? சொல்றதுக்கு வெக்கமா இல்ல ஒனக்கு?"

"வெக்கமாத்தான் இருக்குது. ஆனா தூங்கறேன்."

அதைச் சொன்ன பிறகு மற்றது சுலபமாக வந்தது. காலாப்பட்டுப் பேச்சை இனி எடுக்கக் கூடாது என்றேன். பிள்ளை பிறந்தால் பிறக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும், சுலோசனா இருக்கிற வீட்டில் இன்னொருத்திக்கு இடமில்லை என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அக்கா காப்பி குடிக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை. தறிக்குப் பின்னால் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். திரும்பும்போது முப்பத்து மூன்று வருஷ உறவை அறுத்துவிட்டு வருகிற மாதிரி இருந்தது எனக்கு.

செய்தி எனக்கு முன்னால் ஊருக்குள் வந்துவிட்டது. திங்கட்கிழமை மேரியில் நுழைந்ததும் ஆரம்பித்தார்கள். "என்னா முசியே, பாப்பா நல்லாத் தூங்கிச்சா?" என்று வெள்ளைக்கார மரியாதையோடு கேட்காத ஆளில்லை. மேசை மேல் ஒரு கிலுகிலுப்பை வைத்திருந்தார்கள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. சுலோசனாவிடம் எதையும் சொல்லவுமில்லை. சொன்னால் கூலி கேட்பது மாதிரி இருக்கும். ஆனால் தண்ணீர்க் குழாயடியில் அவளுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாப்பாடு போடும்போது என்னையே ஒரு தினுசாகப் பார்த்தாள். இருந்தும் பாட்டு வரவில்லை.

புதன்கிழமை மத்தியானம், நல்ல வெயிலில், அக்கா நடந்தே வந்தாள். கையில் பையும் இல்லை, கூட ஆளும் இல்லை. சுலோசனா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். நான் பாய் விரித்திருந்தேன், படுக்கவில்லை. இன்னொரு சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"காலாப்பட்டுக்கு ஆள் அனுப்பி வேணாம்னு சொல்லிட்டேன்" என்றாள் அக்கா, யாரையும் பார்க்காமல்.

சுலோசனா காலிச் சொம்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அம்மா செத்தப்ப எனக்குப் பதிமூணு வயசு. இவனுக்கு மூணு. எனக்கு எங்க பாட வந்துச்சு? ஆராரோன்னு கத்துவேன். பயந்துபோயித் தூங்கிடுவான். அதான் இவனுக்கு இன்னிக்கி வரைக்கும் காது வெளங்கல." சுலோசனாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அக்கா தொடர்ந்தாள். "அப்புறம் நான் பெத்தது நாலு. அதுங்களுக்கும் கத்தினேன். மாமியா கெடந்து செத்தாங்க, ஆறு மாசம் அவங்க பக்கத்துலயும் உக்காந்து ஏதோ கத்திக்கிட்டிருந்தேன். இவன் வந்து அன்னிக்கிச் சொன்னப்ப எனக்குக் கோவம் வந்திச்சும்மா. இவன் மேலயும் இல்ல, ஒன் மேலயும் இல்ல. எனக்கு ஒருத்தரும் பாடினதில்லியே, அதை நெனைச்சுத்தான்."

அதுவரை கணீரென்று வந்துகொண்டிருந்த குரல் அங்கே உடைந்துவிட்டது. என் அக்காவைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். இது எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

"மூணு நாளா நானும் தூங்கல. எனக்கும் பாடறியா?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், என் பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சுலோசனா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து தலையணையைக் கொண்டுபோய் அக்காவின் தலைக்குக் கீழே வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். சுலோசனா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்காவின் தலைமாட்டில் போய் அமர்ந்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

படுக்க எனக்குப் பாய் இல்லாததால், அன்றுதான் விழித்திருந்து கேட்டேன். எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்றெல்லாம் எனக்குத் தெரியாது. அது நீலாம்பரிதானா என்றுகூட என்னால் சத்தியம் செய்ய முடியாது. அவசரமே இல்லாமல் வந்தது. சுலோசனாவின் கை அக்காவின் நரைத்த தலையைக் கோதிக்கொண்டிருந்தது. நான் தூங்கும்போது என் தலையையும் இப்படித்தான் கோதியிருப்பாள் போலிருக்கிறது. அக்காவின் தோள் இரண்டும் தளர்ந்தன. பல வருஷமாக இறுக்கிப் பிடித்திருந்த வாய் திறந்துகொண்டது. மூச்சு சீராக வந்தது.

தூங்கிவிட்டாள் என்று நினைத்துச் சுலோசனா நிறுத்தினாள். கண்ணைத் திறக்காமலே அக்கா கையை நீட்டி அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா நிறுத்திட்ட? பாடு."

சுலோசனா சிரித்துவிட்டாள். பத்தொன்பது நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் எடுத்தாள்.